ஸ்லீப் லேப் வேலை: சேலத்துல சேர நினைக்கறவங்களுக்கும் ஆள் போட்டு நடத்தறவங்களுக்கும்

குறட்டை விட்டா நல்லா தூங்கறான்னுதான் நம்ம ஊர்ல இன்னும் பேசிக்கறாங்க. அந்த குறட்டைக்கு நடுவுல பத்து செகண்ட், இருபது செகண்ட், சிலருக்கு ஒரு நிமிஷம் வரைக்கும் மூச்சே நின்னு நின்னு வருதுங்கறது ராத்திரி பூரா யாராச்சும் முழிச்சிருந்து பார்த்தாதான் தெரியும். அப்படி பார்க்கறவங்கதான் ஸ்லீப் டெக்னீஷியன். சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரி ஓட்டற ஆளுங்க, ஸ்டீல் பிளான்ட்லயும் மில்லுலயும் ஷிப்ட் பார்க்கறவங்கன்னு தூக்கம் கெட்டா உயிருக்கே ஆபத்தாகற வேலைல இருக்கறவங்க நம்மளைச் சுத்தி எத்தனை பேர், ஆனா இப்படி ஒரு வேலை இருக்குங்கறதே பிளஸ் டூ முடிக்கற பசங்களுக்கு தெரியறதில்ல. இன்னொரு பக்கம் லேப் ஆரம்பிக்கற ஆஸ்பத்திரிகாரங்க மெஷினுக்கு கணக்கு பார்க்காம காசு போடறாங்க, ஆளுக்கு போட மாட்டேங்கறாங்க. அதனால ரெண்டு தரப்புக்கும் சேர்த்தே எழுதறேன்.

முதல்ல வேலை என்னன்னு பார்த்துடலாம். ராத்திரி எட்டு மணி வாக்குல பேஷண்ட் வருவாரு. இன்ச் டேப் வச்சு தலைய அளந்து, 10-20 சிஸ்டம்ங்கற தலை அளவு முறைப்படி புள்ளி வச்சு, அந்த இடத்துல மட்டும் ஸ்க்ரப் ஜெல் தேய்ச்சு, பேஸ்ட் வச்சு எலக்ட்ரோடை ஒட்டணும். மூளை அலைக்கு முன்னந்தலை, நடுத்தலை, பின்னந்தலை, கண் அசைவுக்கு கண்ணோரம் ரெண்டு, தாடைக்கு, ரெண்டு காலுக்கு, நெஞ்சுல ஈசிஜி, மூக்குல மூச்சுக் காத்தை அளக்க கேனுலாவும் தெர்மிஸ்டரும், நெஞ்சுக்கும் வயித்துக்கும் பெல்ட், விரல்ல ஆக்ஸிஜன் சென்சார், குறட்டைக்கு மைக், மேல கேமரா. பழகின கைக்கே முக்கால் மணி நேரம் ஆகும். இம்பிடென்ஸ், அதாவது தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் நடுவுல இருக்கற மின்தடை, 5 கிலோ ஓம்க்கு கீழ வந்தாதான் சிக்னல் சுத்தமா இருக்கும்.

இங்க நம்ம ஊர் பிரச்சனை ஒண்ணு இருக்கு, தேங்காய் எண்ணெய். எண்ணெய் தலையோட வந்தா பேஸ்ட் பிடிக்காது, நடுராத்திரி ஒவ்வொண்ணா கழண்டு வரும். அதனால அப்பாயின்மென்ட் போடறப்பவே "அம்மா, அன்னிக்கு தலைக்கு குளிச்சுட்டு வாங்க, எண்ணெய் வேண்டாம், பூவும் வேண்டாம், மத்தியானத்துக்கு மேல காபி டீ குடிக்காதீங்க, பகல்ல தூங்கிடாதீங்க"ன்னு போன்ல சொல்லணும், முந்தின நாள் ஒரு தடவை ஞாபகப்படுத்தணும். மருதாணி அடர்த்தியா வச்சிருந்தாலோ நெயில் பாலிஷ் போட்டிருந்தாலோ சென்சாருக்கு வேற விரல் தேடணும். சின்ன விஷயமா தெரியும், ஆனா ஒரு ராத்திரி டேட்டா பூரா இதுலதான் நிக்குது.

ஒட்டி முடிச்சதும் பயோ கேலிப்ரேஷன், அதாவது ஒவ்வொரு சென்சாரும் சரியா வேலை செய்யுதான்னு பார்க்கறது. டெக்னீஷியன் கன்ட்ரோல் ரூம்ல உக்காந்து மைக்ல பேசுவாரு: "ஐயா, கண்ணை மூடுங்க. திறங்க. தலைய அசைக்காம இடது பக்கம் பாருங்க, இப்ப வலது பக்கம். பல்லைக் கடிங்க. மூச்சை இழுத்து பிடிச்சுக்கங்க. இடது கால் விரலை ஆட்டுங்க." ஒவ்வொண்ணுக்கும் ஸ்கிரீன்ல அந்தந்த கோடு அசையுதான்னு பார்க்கணும். கண்ணை மூடினதும் பின்னந்தலை சேனல்ல ஆல்ஃபா அலை வரணும், மூச்சை பிடிச்சா மூச்சு கோடு எல்லாம் படுத்துக்கணும். இதை அவசரத்துல தாண்டிட்டு போறவங்க இருக்காங்க. தாண்டினா, ரெண்டு மணிக்கு ஒரு கோடு படுத்துக்கிடக்கறப்ப அது மூச்சு நின்னதா இல்ல ஒயர் கழண்டதான்னு சொல்ல வழியே இல்ல.

லைட் அணைச்சதுக்கு அப்புறம்தான் நிஜமான வேலை. காலைல ஆறு மணி வரைக்கும் உக்காந்து பார்க்கணும், எழுதணும். எத்தனை மணிக்கு பாத்ரூம் போனாரு, மல்லாந்து படுத்தாரா ஒருக்களிச்சாரா, ஆக்ஸிஜன் எவ்வளவு இறங்குச்சு, எல்லாம் நோட்ஸ்ல வரணும். சிபேப் (மாஸ்க் வழியா காத்தை அழுத்தி மூச்சுக்குழாயை திறந்தே வைக்கற மெஷின்) டைட்ரேஷன் நைட்டா, அதாவது அதுக்கு சரியான பிரஷரை கண்டுபிடிக்கற நைட்டா இருந்தா இன்னும் கவனம் வேணும், 4 சென்டிமீட்டர் தண்ணி பிரஷர்ல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும், ஒரு தடவை ஏத்தினா அஞ்சு நிமிஷமாவது விட்டுப் பார்க்கணும், மல்லாந்து படுத்து ரெம்ங்கற கனவு தூக்கத்துல இருக்கறப்பவும் மூச்சு நிக்காம இருந்தாதான் அந்த பிரஷர் சரின்னு அர்த்தம். 15 தாண்டியும் அடங்கலைன்னா பைபேப்புக்கு (மூச்சை இழுக்கறப்ப ஒரு பிரஷர், விடறப்ப குறைஞ்ச பிரஷர் குடுக்கற மெஷின்) மாத்தறதை பத்தி யோசிக்கணும், இதெல்லாம் டாக்டர் எழுதிக் கொடுத்த புரோட்டோகால் படிதான், நம்ம இஷ்டத்துக்கு இல்ல. வலிப்பு வந்தா, ஹார்ட் ரிதம் மாறினா, யாரை கூப்பிடணும்னு நம்பர் சுவத்துலயே ஒட்டியிருக்கணும். பிஎல்எஸ்ங்கற உயிர் காக்கற முதலுதவி டிரெய்னிங் இல்லாத ஆளை ராத்திரி தனியா விடவே கூடாது.

காலைல ஒயரெல்லாம் கழட்டறப்ப எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், "என்ன தம்பி, எனக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?" ஸ்கிரீன்ல கண்ணால பார்த்திருப்போம், வாய் வரைக்கும் வரும். ஆனா "டாக்டர் முழுசா பார்த்துட்டு சொல்வாருங்க ஐயா, ரிப்போர்ட் வர்ற வரைக்கும் வண்டி மட்டும் ஜாக்கிரதையா ஓட்டுங்க"ன்னு சொல்லி அனுப்பணும். ரிசல்ட் சொல்றது டெக்னீஷியன் வேலை இல்ல.

சரி, எப்படி இதுக்குள்ள வர்றது? பிளஸ் டூல பயாலஜி குரூப் எடுத்தவங்களுக்கு அலைடு ஹெல்த் படிப்புதான் நேர் வழி. பிஎஸ்சி ரெஸ்பிரேட்டரி தெரபி, பிஎஸ்சி நியூரோ எலக்ட்ரோபிசியாலஜி ரெண்டும் நல்ல அஸ்திவாரம், ஒண்ணு மூச்சு பக்கம், இன்னொண்ணு மூளை அலை பக்கம். இதுல எது படிச்சாலும் மத்ததை வேலைல சேர்ந்துதான் கத்துக்க வேண்டியிருக்கும். நர்சிங் படிச்சவங்க, கார்டியாக் டெக்னாலஜி படிச்சவங்க, ஈஈஜி (மூளை அலை டெஸ்ட்) ரூம்ல வேலை பார்த்தவங்களும் வரலாம். சேர்றதுக்கு முன்னாடி காலேஜ் எந்த யுனிவர்சிட்டி கீழ இருக்குன்னு பாருங்க, தமிழ்நாடு டாக்டர் எம்ஜிஆர் மருத்துவ பல்கலைக்கழகமா இல்ல ஏதாச்சும் டீம்ட் யுனிவர்சிட்டியா, இன்டர்ன்ஷிப் எங்க, அந்த ஆஸ்பத்திரில ஸ்லீப் லேப் ஓடுதா. 2021ல வந்த அலைடு ஹெல்த்கேர் கமிஷன் சட்டத்துல ஸ்லீப் லேப் டெக்னாலஜிஸ்ட்டும் பட்டியல்ல இருக்கறதால, அங்கீகாரம் இல்லாத ஆறு மாச டிப்ளமோவுக்கு காசு கட்டறது எனக்கு சரியா படல.

உலகம் பூரா மதிக்கற சர்டிபிகேட் ஆர்பிஎஸ்ஜிடி. அமெரிக்காவுல பிஆர்பிடிங்கற போர்டு நடத்தற பரீட்சை அது, வேலை அனுபவம் காட்டினாதான் எழுத விடுவாங்க, பாஸ் ஆனாலும் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். முதல் வருஷமே இதுக்கு ஓட வேண்டாம்னுதான் நான் சொல்வேன். ரெண்டு வருஷம் நைட் பார்த்து, கை பழகி, ஸ்கோரிங் புரிஞ்சதுக்கு அப்புறம் எழுதுங்க. வெளிநாடு போற எண்ணம் இருந்தா அப்ப அது ரொம்ப உதவும்.

ஸ்கோரிங்னா, ராத்திரி பதிவானதை 30 செகண்ட் 30 செகண்டா பிரிச்சு ஒவ்வொரு துண்டுக்கும் முழிப்பா, லேசான தூக்கம் என்1லேர்ந்து ஆழ்ந்த தூக்கம் என்3 வரைக்கும் எதுவா, ரெம்மான்னு பேர் போடறது. எட்டு மணி நேர ரெக்கார்டிங்னா 960 துண்டு. அது மேல மூச்சு நின்னது, ஓரளவு குறைஞ்சது, கால் உதறினது எல்லாம் குறிக்கணும். காத்து 90 சதவீதத்துக்கு மேல குறைஞ்சு பத்து செகண்டாவது இருந்தா ஆப்னியா. மூச்சு நின்னதையும் குறைஞ்சதையும் கூட்டி, தூங்கின மணி நேரத்தால வகுத்தா ஏஹெச்ஐ, 5க்கு மேல லேசு, 15க்கு மேல நடுத்தரம், 30க்கு மேல தீவிரம். விதி எல்லாம் ஏஏஎஸ்எம்ங்கற அமெரிக்க தூக்க மருத்துவ அமைப்போட மேனுவல்ல இருக்கு, 2007ல முதல் பதிப்பு வந்து அப்புறம் திருத்திக்கிட்டே வர்றாங்க, அதை மேஜை மேல வச்சுக்கிட்டே வேலை பாருங்க. சாஃப்ட்வேர் தானா ஸ்கோர் பண்ணிடும்னு சேல்ஸ்காரங்க சொல்வாங்க. ஆனா அது வேர்வையால வர்ற அலையை ஆழ்ந்த தூக்கத்தோட டெல்டா அலைன்னு நினைச்சு என்3 போட்டு வச்சிருக்கும், மனுஷக் கண்ணு கண்டிப்பா வேணும்.

இப்ப நடத்தறவங்களுக்கு. ஒரு டெக்னீஷியனுக்கு ரெண்டு பேஷண்ட்தான், இதை மட்டும் வளைக்காதீங்க. பைபேப் நோயாளி, குழந்தைங்க, வலிப்பு உள்ளவங்கன்னா ஒருத்தருக்கு ஒருத்தர். ரெண்டு பெட் லேப் வாரத்துக்கு அஞ்சு ராத்திரி ஓடணும்னா ரெண்டு ஆள் போதும்னு பேப்பர்ல கணக்கு வரும். ஒருத்தருக்கு காய்ச்சல், ஒருத்தர் தங்கச்சி கல்யாணம்னா முடிஞ்சுது. மூணு பேர் வேணும், ரெண்டு பேர் நைட், மூணாவது ஆள் பகல்ல ஸ்கோரிங், வாரம் மாத்தி வாரம் சுழற்சி. நைட்டும் முடிச்சு காலைல அதே ஆளே ஸ்கோர் பண்ணட்டும்னு உக்கார வைக்கறது நிறைய இடத்துல நடக்குது, அது எனக்கு தாங்க முடியாத விஷயம். தூங்காத கண்ணுக்கு எப்படிங்க மத்தவங்க தூக்கத்தை எண்ண முடியும்? அந்த ரிப்போர்ட்டை நம்பி ஒரு டிரைவர் திரும்ப ஸ்டியரிங் பிடிக்கறாரு.

நைட் ஆளை பகல்ல மீட்டிங்குக்கு கூப்பிடாதீங்க, ஓபி கூட்டமா இருக்குன்னு இழுக்காதீங்க, மத்தியானம் போன் அடிக்காதீங்க. மூணு நைட் தொடர்ச்சியா போட்டா அடுத்து முழு லீவு குடுங்க. நைட் அலவன்ஸ் சம்பள ஸ்லிப்ல தனியா தெரியணும். ஒரு ஸ்டடிக்கு, அதாவது ஒரு ராத்திரி டெஸ்டுக்கு, இவ்வளவுன்னு இன்சென்டிவ் மட்டும் வச்சு ஓட்டினா, மோசமான ரெக்கார்டிங்கையும் முடிஞ்சதுன்னு கணக்கு காட்டத்தான் தோணும், அதனால நிலையான சம்பளம்தான் நல்லது. பெண் பேஷண்ட் வந்தா பெண் டெக்னீஷியன் இருக்கணும், அதுக்கு பெண்கள் வேலைக்கு வரணும்னா வீட்டு வாசல்லேர்ந்து வண்டி, பூட்டற கன்ட்ரோல் ரூம், தனி பாத்ரூம், கூப்பிட்டா வர்ற செக்யூரிட்டி. ஓமலூர், வாழப்பாடிலேர்ந்து வர்ற பொண்ணை ராத்திரி ஏழரைக்கு பஸ்ஸுல வான்னு சொன்னா அவங்க வீட்டுல விடுவாங்களா?

ரெண்டு பேர் ஸ்கோர் பண்ற இடத்துல மாசம் ஒரு தடவை ஒரே ரெக்கார்டிங்கை தனித்தனியா பண்ணச் சொல்லி ஒத்துப் பாருங்க. 85 சதவீதத்துக்கு கீழ இருந்தா சேர்ந்து உக்காந்து எங்க மாறுதுன்னு பேசணும், பெரும்பாலும் என்1லதான் சண்டை வரும். டாக்டரும் கூட இருந்தா ரொம்ப நல்லது.

ரூம் விஷயத்தை சுருக்கமா சொல்லிடறேன். தறி ஓடற தெரு, லாரி ஹாரன் கேக்கற மெயின் ரோடு பக்கம் வேண்டாம். ஆடி மாசம் மாரியம்மன் பண்டிகை சமயம் மைக் செட் எந்தப் பக்கம் வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டு அந்த நாளுல புக்கிங் குறைச்சுக்கங்க. ஏப்ரல் மே மாசம் ஏசி சரியா இல்லைன்னா வேர்வைல எல்லா சேனலும் ஊசலாடும். யுபிஎஸ்ஸும் நல்ல எர்த்திங்கும் கட்டாயம், எர்த் சரியில்லைன்னா 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல் எல்லா கோட்டையும் தடிமனாக்கிடும்.

ஏற்காட்டுலேர்ந்து வர்றவங்களை வெளிச்சத்துலயே இறங்கி வரச் சொல்லுங்க, அந்த 20 கொண்டை ஊசி வளைவையும் தூக்க நோய் இருக்கற ஆள் ராத்திரில ஓட்டிட்டு வரவே கூடாது, காலைல திரும்பறப்பவும் வேற யாராச்சும்தான் ஓட்டணும். எஸ்டேட்ல இருக்கற வயசானவங்களுக்கு ஹோம் ஸ்டடி, அதாவது வீட்டுலயே மாட்டிக்கற கிட், குடுத்து அனுப்பலாம், ஆனா சாதாரண ஹோம் கிட்ல மூளை அலை பதிவாகாது, அதனால எவ்வளவு நேரம் நிஜமா தூங்கினாங்கன்னு தெரியாது. மலை சுமார் 1500 மீட்டர் உயரம்ங்கறதால அங்க எடுத்த ஆக்ஸிஜன் அளவு கீழ எடுத்ததை விட லேசா குறைஞ்சு இருக்கலாம், எங்க வச்சு எடுத்ததுன்னு ரிப்போர்ட்ல எழுதிடுங்க.

வேலைல வளர்ச்சி இருக்கான்னு கேக்கறவங்களுக்கு, இருக்கு. நைட் டெக்னீஷியன், அப்புறம் ஸ்கோரர், அப்புறம் சீனியர், லேப் மேனேஜர். சிலர் சிபேப் கம்பெனிங்களுக்கு போய் பேஷண்டுக்கு மாஸ்க் பழக்கி விடற வேலைல செட்டில் ஆகறாங்க, மனுஷங்க கூட பேச பிடிச்சவங்களுக்கு அது அருமையான வேலை, முதல் வாரத்துல மாஸ்க்கை தூக்கிப் போடற ஆளை பேசிப் பேசி பழக்கி விடறதுக்கு தனி பொறுமை வேணும். குழந்தை பிறந்ததும் நைட் பார்க்க முடியாத பெண்கள் வீட்டுலேர்ந்தே ஸ்கோரிங் பண்ணலாம், ஃபைல் ஆன்லைன்ல வரும். மேனேஜர் ஆகணும்னா ஸ்கோரிங் மட்டும் பத்தாது, ரோஸ்டர் போடறது, சென்சார் ஸ்டாக், மாஸ்க் சுத்தம் பண்ற முறை, இன்சூரன்ஸ் பேப்பர், டாக்டர்கிட்ட ரிப்போர்ட் நிலுவை கேட்டு வாங்கறது, எல்லாம் தலைல விழும். பகல்ல தூங்கவே வராத உடம்புக்காரங்க மட்டும் இந்த வேலைய எடுக்கறதுக்கு முன்னாடி நல்லா யோசிங்க, அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல.

இன்டர்வியூவுக்கு போறவங்க நீங்களும் கேள்வி கேளுங்க. ஒரு ராத்திரி கூட உக்காந்து பார்க்க விடுவீங்களா? ஸ்கோரிங் யார் பண்றாங்க? ராத்திரி எமர்ஜென்சின்னா எந்த டாக்டர், எத்தனை நிமிஷத்துல வருவாரு? மாசம் எத்தனை நைட், லீவு எப்படி? கடைசியா, ஒரு ஆளுக்கு எத்தனை பெட்? "மூணு நாலு பார்த்துக்கலாம்பா, எல்லாரும் தூங்கிட்டுதானே இருக்காங்க"ன்னு பதில் வந்தா, சம்பளம் எவ்வளவு சொன்னாலும் வேற இடம் பாருங்க.