டவர் இருக்கு, கால் போகலை: சிக்னலையும் ரோமிங்கையும் சரிபார்க்கும் வழி

திரையில் தெரியும் பாயிண்டுகளை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை பாயிண்ட் காட்டுவது என்பதைப் பெரும்பாலும் போன் தயாரிப்பவர்களே முடிவு செய்கிறார்கள். ஒரே சிம்மை இரண்டு போன்களில் மாற்றிப் போட்டால் ஒன்றில் இரண்டும் இன்னொன்றில் நான்கும் காட்டலாம். பார்க்க வேண்டியது டிபிஎம் எண், அதாவது போனுக்கு வந்து சேரும் சிக்னலின் பலத்தைச் சொல்லும் அளவு.

பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸ், அபௌட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் 'சிக்னல் ஸ்ட்ரெங்த்' இருக்கும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் ஃபீல்டு டெஸ்ட் திறக்கும். அதில் ஆர்எஸ்ஆர்பி என்ற பெயரில் இருக்கும் டிபிஎம் எண்ணைப் பாருங்கள். எண் மைனஸில்தான் வரும், பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது. 4ஜியில் −80 வரை அருமை. −100 வரை பேச்சுக்கும் டேட்டாவுக்கும் தொல்லை இருக்காது. −105-ஐத் தாண்டினால் நடந்துகொண்டே பேசும்போது குரல் உடையும். −115-க்குக் கீழே கால் நிற்பது சந்தேகம். இதில் 3 குறைந்தாலே சக்தி பாதியாகிவிடும், 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. எண் உடனே மாறாது. ஒவ்வோர் இடத்திலும் கால் நிமிடம் நின்று பாருங்கள்.

மொட்டை மாடியில் −85, கூடத்தில் −110 என்றால் குற்றவாளி டவர் இல்லை, உங்கள் வீடு. மதுரை மாசி வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளின் தடித்த சுவர், புதிய வீடுகளின் கான்கிரீட் தளம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தகர ஷீட் கூரை: மூன்றும் சிக்னலைத் தின்னும். 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் சுவரைத் தாண்டி ஓரளவு உள்ளே வரும். 2300-ம், 5ஜி பெரிதும் நம்பியிருக்கும் 3300-க்கு மேற்பட்ட அலைகளும் வாசலிலேயே பெரும்பகுதி தேய்ந்துபோகும். வீட்டுக்குள் 5ஜி வருவதும் போவதுமாக இருந்தால், நெட்வொர்க் டைப்பை 4ஜிக்கு மாற்றிப் பாருங்கள். பல வீடுகளில் இதுவே போதும். ஜியோ சிம்மை 2ஜி, 3ஜிக்கு மாற்றிவிடாதீர்கள், அந்த நிறுவனத்தில் அவை இரண்டுமே கிடையாது. வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் வைஃபை காலிங்கை ஆன் செய்வதுதான் நல்ல தீர்வு. கடையில் விற்கும் பூஸ்டரை வாங்கி மாடியில் மாட்டாதீர்கள். அனுமதியில்லாமல் பொருத்துவது சட்டவிரோதம்; அது கிளப்பும் இரைச்சல் டவரின் காதை அடைத்து, தெருவில் உள்ள மற்றவர்களின் காலையும் கெடுக்கும்.

எண் −75, ஆனால் ஒன்றுமே போகவில்லை என்றால் அது வேறு நோய். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் வைகைக் கரையில் இதைப் பார்க்கலாம். பஸ் வந்து நிற்கிறது, படியில்கூடக் கால் வைக்க இடமில்லை என்ற நிலைதான். டவரின் திறனை ஆயிரக்கணக்கானோர் பங்கு போடுகிறார்கள். அந்த இடத்தில் போனைத் தூக்கிப் பிடித்துப் பயனில்லை. வீடியோ காலை விட்டுவிட்டு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். கூட்டத்தை விட்டு இரண்டு மூன்று தெரு தள்ளிப் போனால் வேறு டவர் கிடைக்கலாம். 2ஜி உள்ள சிம் என்றால் அதற்கு மாற்றி ஒரு கால் முயன்று பார்க்கலாம்.

மலைப்பாதையில் நிலைமை தலைகீழ். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது ஒரு வளைவில் டவர் வரும், அடுத்த வளைவில் மலை மறைத்துவிடும். சமவெளியைப் பார்த்த திருப்பத்தில் நின்று பேசுவதே வழி. அங்கேயும் பாயிண்ட் தெரிந்தும் கால் போகாமல் இருக்கலாம்: டவர் பேசுவது போனுக்குக் கேட்கும், போன் பேசுவது டவருக்கு எட்டாது. 4ஜியில் சாதாரண போனின் அதிகபட்ச சக்தியே 0.2 வாட்தான். அந்த முழு சக்தியையும் கொட்டுவதால் பேட்டரி வேகமாக இறங்கும். தேவையில்லாத நேரத்தில் ஃபிளைட் மோடில் போடுங்கள். 'எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி' என்று வந்தால் உங்கள் நிறுவனத்தின் டவர் இல்லை, பக்கத்தில் வேறொருவருடையது இருக்கிறது என்று பொருள். 112 அதன் வழியாகப் போகும்.

இனி ரோமிங். கம்பம் தாண்டிக் குமுளிக்கோ, போடிமெட்டு வழியாக மூணாறுக்கோ போனால் கேரளத் தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் நுழைகிறீர்கள். எல்லை தாண்டியதும் பேச்சு வருகிறது, நெட் மட்டும் நின்றுவிட்டது என்றால் முதலில் டேட்டா ரோமிங் ஆஃபில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆன் செய்தால் பெரும்பாலும் சரியாகும். பேச்சும் இல்லையென்றால் ஃபிளைட் மோடை அரை நிமிடம் போட்டு எடுங்கள், நெட்வொர்க் தேர்வு 'ஆட்டோமேட்டிக்'கில் இருக்கட்டும். கையால் ஒரு நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறந்துபோய், மதுரை திரும்பியும் 'நோ சர்வீஸ்' என்று தவிப்பவர்கள் நிறைய.

தனுஷ்கோடியில் இந்த அறிவுரைக்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். அரிச்சல்முனைப் பக்கம் கடலைத் தாண்டி இலங்கை டவரைப் போன் பிடிக்கக்கூடும். இரு நாட்டுக்கும் ஒரே நேரம் என்பதால் கடிகாரம் மாறாது, கவனிக்கவும் மாட்டீர்கள். சர்வதேச ரோமிங் ஏற்கெனவே ஆன் ஆகியிருக்கும் சிம் என்றால் வெளிநாட்டுக் கட்டணம் விழலாம். பாம்பன் பாலம் தாண்டியதும் டேட்டா ரோமிங்கை ஆஃப் செய்து, நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் நெட்வொர்க்கின் பெயருக்குப் பதில் எண் வந்தால், அது 404 அல்லது 405-இல் தொடங்கினால் நம் நாடு, 413 என்றால் இலங்கை. திரும்பும்போது மறக்காமல் ஆட்டோமேட்டிக்கில் விடுங்கள்.

கொழும்பு, துபாய் போகிறவர்கள் மதுரை விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன்பே ரோமிங் பேக்கைப் போட்டுவிட வேண்டும். ரோமிங் திறக்காவிட்டால் வங்கி ஓடிபி அந்த சிம்முக்கு வராது. வருகிற காலுக்கும் வெளியில் கட்டணம் உண்டு.

எதைச் செய்தும் வீட்டில் எண் தேறவில்லை, நெட்வொர்க்கை மாற்றத்தான் வேண்டும் என்றால், அக்கம்பக்கத்தாரின் சிம்மை உங்கள் போனில் போட்டு, படுக்கையறை, சமையலறை என்று நீங்கள் பேசும் இடங்களில் காலையும் இரவும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு, நம்பரை வைத்துக்கொண்டே நிறுவனத்தை மாற்றும் போர்ட்டிங்குக்குப் பதில் கையில் உள்ள சிம்மையே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றினாலும் ஆச்சரியமில்லை. மாறுவதென்றால் 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பி போர்ட்டிங் குறியீடு வாங்குங்கள். அது நான்கு நாள்தான் செல்லும்.