குழல் வாய் வழியே கெட்டிக்கும் ரைபிள்: முதல் நாள் செய்முறை

கருமருந்து ரைபிளில் குறி பார்ப்பது பாதி வேலைகூட இல்லை. கெட்டிப்பதுதான் வேலை. மருந்து, துணி, குண்டு, கேப்பு (அடி விழுந்தால் தீப்பொறி தரும் சின்ன உலோக மூடி) என்று ஒவ்வொரு வெடிக்கும் நான்கையும் நீங்களே வரிசை மாறாமல் வைக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு இது ஒத்துவராது.

உரிமமும் வேட்டை விதிகளும் இடத்துக்கு இடம் மாறும். அவற்றை முதலில் பார்த்துவிடுங்கள். முதல் நாள் காட்டுக்குப் போக வேண்டாம், சுடுதளத்துக்குப் போங்கள். பழக்கமான ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். கண்ணாடியும் காதடைப்பானும் கட்டாயம்.

இங்கே சொல்வது 50 காலிபர் கேப்பு ரைபிளுக்கு. குழலின் உள்விட்டம் 0.50 அங்குலம். ஈயக் குண்டு 0.490 அங்குலம், அதாவது குழலைவிடக் கொஞ்சம் சின்னது. அந்த இடைவெளியை 0.015 அங்குலத் தடிமனுள்ள பருத்தித் துணி அடைக்கிறது. குழலுக்குள் இருக்கும் திருகுவரிகளைப் பிடித்துக் குண்டைச் சுழற்றுவதும் துணிதான். நைலான் கலந்த துணி சூட்டில் உருகி ஒட்டும். சுத்தமான பருத்தியையே எடுங்கள்.

கோலில் இரண்டு கோடு

மருந்தைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான். குதிரையை, அதாவது கேப்பை அடிக்கும் சுத்தியலை, பாதி இழுத்து நிறுத்துங்கள், நிப்பிளில் (கேப்பு மாட்டும் துளையுள்ள முனையில்) கேப்பு இல்லையென்று கண்ணால் பாருங்கள். பிறகு கெட்டிக்கும் கோலைக் குழலுக்குள் அடிவரை விட்டு, குழல் வாய்க்கு நேராகக் கோலில் ஒரு கோடு போடுங்கள். அது காலிக் குழலின் கோடு. ஆனால் அப்போது குழல் உண்மையிலேயே காலியாக இருக்க வேண்டும். கோலைக் குழலுக்கு வெளியே பக்கவாட்டில் வைத்து, அடிவரை போகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய துப்பாக்கி வாங்கியவர்கள் இதை விடவே கூடாது. யாரோ எப்போதோ கெட்டித்து மறந்த மருந்தும் குண்டும் உள்ளே அப்படியே கிடக்கலாம்.

முதல் முறை சரியாகக் கெட்டித்ததும், அதே போல இரண்டாவது கோடு. அது குண்டு மருந்தின்மேல் உட்கார்ந்த கோடு. இனி ஒவ்வொரு முறையும் கோல் அந்தக் கோட்டில்தான் நிற்க வேண்டும். கோடு மேலே நின்றால் குண்டு பாதி வழியில் சிக்கியிருக்கிறது, அல்லது மருந்து இரண்டு முறை விழுந்திருக்கிறது. குண்டுக்கும் மருந்துக்கும் நடுவில் இடைவெளி இருக்கும்போது சுட்டால் குழல் வீங்கலாம், பிளக்கவும் செய்யலாம். கோடு கீழே போனால் மருந்தே இல்லை. எனக்கு நடந்தது அதுதான். பேச்சு சுவாரசியத்தில் மருந்து போடாமல் குண்டை மட்டும் இறக்கிவிட்டு, அதை வெளியே எடுக்க அரை மணி நேரம் போராடினேன். கெட்டிக்கும்போது யாரோடும் பேசாதீர்கள்.

கெட்டிப்பது

முதலில் குண்டில்லாமல் ஒன்றிரண்டு கேப்பு மட்டும் வெடித்து, நிப்பிளில் தங்கிய எண்ணெயைப் போக்குங்கள். குழல் வாயை ஒரு புல்லுக்கு நேராகப் பிடித்துச் சுட்டால் புல் அசையும். அசைந்தால் வழி திறந்திருக்கிறது.

மருந்தைக் கொள்ளளவால் அளக்கிறோம், அளவைக்குப் பெயர் கிரெய்ன். எவ்வளவு என்பதை ரைபிளோடு வந்த கையேட்டில் பார்த்து, அதில் இருக்கும் குறைந்த அளவில் ஆரம்பியுங்கள். கருமருந்தோ அதற்கென்றே செய்த மாற்று மருந்தோதான் போட வேண்டும். இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்து ஒரு சிட்டிகைகூடக் கூடாது. அதன் அழுத்தத்தை இந்தக் குழல் தாங்காது.

மருந்துக் குடுவையிலிருந்து நேராகக் குழலில் ஊற்றாதீர்கள். முந்தைய வெடியின் கங்கு உள்ளே இருந்தால் குடுவையே கையில் வெடிக்கும். தனி அளவைக் குழாயில் எடுத்து, குடுவையை மூடித் தள்ளி வைத்துவிட்டு, அப்புறம் ஊற்றுங்கள். தலை குழல் வாய்க்கு மேலே வரக் கூடாது.

எண்ணெய் தடவிய துணியைக் குழல் வாயில் வைத்து, நடுவில் குண்டை வைத்து, கட்டைக் குச்சியால் ஒரு தட்டு. பிறகு கோலைக் குழல் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். ஒரே தள்ளாகத் தள்ளினால் மரக்கோல் முறிந்து உள்ளங்கையில் ஏறும். குண்டு உட்கார்ந்ததும் ஓங்கிக் குத்த வேண்டியதில்லை. கோட்டைப் பாருங்கள், கோலை வெளியே எடுங்கள். கோலோடு சுட்டவர்கள் உண்டு!

குழல் இலக்கை நோக்கிய பிறகுதான் கேப்பு. எப்போதும் அதுதான் கடைசி.

வெடிக்காவிட்டால்

துப்பாக்கியைத் திருப்பாதீர்கள். இலக்கை நோக்கியபடியே குறைந்தது ஒரு நிமிடம் பிடித்திருங்கள். மருந்து தாமதமாகப் பற்றுவது உண்டு. பிறகு புதுக் கேப்பு மாட்டிப் பாருங்கள்.

வெடித்தால், ஒரு வெடிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஈரத்துணியைக் கோலில் சுற்றி ஒருமுறை துடையுங்கள். கங்கும் அணையும், கசடும் குறையும்.

வேட்டைக்கு

உருண்டைக் குண்டு காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். மான் அளவு விலங்குக்கு 60 மீட்டருக்குள் நெருங்குங்கள், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். காயத்தோடு ஓடவிடுவது பாவம். சுட்டதும் புகை கண்ணை மறைக்கும், ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தால்தான் விலங்கு எந்தப் பக்கம் போனது என்று தெரியும். குளிரிலிருந்து கதகதப்பான அறைக்குள் துப்பாக்கியைக் கொண்டுவந்தால் குழலுக்குள் ஈரம் பூத்து மருந்து நமுத்துவிடும். மரமோ வேலியோ ஏறும்போது கேப்பைக் கழற்றிவிடுங்கள்.

அன்றைக்கே கழுவுங்கள்

கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடக் கசடாகவே மிஞ்சும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்னும், ஒரே இரவில் துரு பிடித்துவிடும். அதைக் கரைக்க எண்ணெய் உதவாது, தண்ணீர்தான். குழல் காலியென்று கோலால் உறுதி செய்துகொண்டு, நிப்பிளைக் கழற்றி, சோப்புக் கலந்த வெந்நீரால் துணி வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வரும், அது கந்தகம். நன்றாகக் காயவைத்து லேசாக எண்ணெய் பூசுங்கள். மறுநாள் காலையில் ஒரு துணியை உள்ளே விட்டுப் பாருங்கள். பழுப்பாக வந்தால் மறுபடி வெந்நீர் வைக்க வேண்டியதுதான்.