பல வருஷம் ஓடாமல் நின்ற டிராக்டரை மறுபடி ஓட வைப்பது எப்படி

பேட்டரியை மாட்டி ஒரு தடவை செல்ஃப் அடித்துப் பார்த்துவிடலாம் என்றுதான் கை பரபரக்கும். தயவுசெய்து வேண்டாம். துருப்பிடித்த லைனரில் (சிலிண்டரின் உள்சுவர்) ஒட்டிக்கொண்ட பிஸ்டன் ரிங் உடைவதும், வால்வு இறுகிப்போய் அதைத் தள்ளித் திறக்கும் புஷ் ராடு வளைவதும் அந்த முதல் அவசரத்தில்தான். இங்கே சொல்வது எல்லாம் டீசல் டிராக்டருக்கு.

முதலில் பானெட்டைத் திறந்து எலி என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். ஏர் கிளீனருக்குள்ளும் சைலன்ஸருக்குள்ளும் கூடு இருக்கும், ஒயர்களைக் கடித்து உள்ளே செம்புக் கம்பி தெரியும். அதைச் சரி செய்யாமல் பேட்டரியை இணைத்தால் புகைதான் வரும். ஏர் கிளீனர் ஆயில் ஊற்றும் வகை என்றால் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, அடியில் படிந்த சேற்றை டீசலில் கழுவி, உள்ளே இருக்கும் கோடு வரை புது ஆயில் விடுங்கள். சைலன்ஸர் வாய் மேலே பார்த்தபடி மூடாமல் இருந்ததா? அப்படியென்றால் மழைத் தண்ணீர் அந்த வழியாக இறங்கி, திறந்திருந்த வால்வு வழியே சிலிண்டருக்குள் போயிருக்கலாம். இன்ஜின் ஜாம் ஆவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அப்புறம் இன்ஜின் ஆயில். டிரெயின் போல்ட்டை ஒரேயடியாகக் கழற்றாமல் மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால், இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தாலும் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்றே அர்த்தம். எப்படி இருந்தாலும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. கியரை நியூட்ரலில் போட்டு, நாசில்களை (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள்) கழற்றி, இன்ஜின் முன்பக்கம் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியின் போல்ட்டில் பெரிய ஸ்பேனர் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. சுற்றவில்லை என்றால் நாசில் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் துரு இளக்கும் ஆயிலை, அல்லது டீசலும் பவர் ஸ்டீயரிங் ஆயிலும் சரிபாதி கலந்து கொஞ்சம் விட்டு, சில நாள் ஊற விடுங்கள். தினமும் முன்னே கொஞ்சம் பின்னே கொஞ்சம் அசைத்துக் கொடுங்கள், ஒரே பக்கம் பலமாக இழுக்க வேண்டாம். இன்னொரு டிராக்டரில் கட்டி இழுத்தால் இளகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. கனெக்டிங் ராடு வளைந்து போகும், அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். இளகியதும் நாசில் மாட்டாமலே நன்றாகச் சுற்றி, உள்ளே விட்டதெல்லாம் வெளியே பீய்ச்சிவிடும்படி செய்யுங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு. திரவம் அமுங்காது, அது உள்ளே நிற்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் சேதம்தான். டேப்பெட் கவரை (வால்வுகளுக்கு மேலே உள்ள மூடி) திறந்து, சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் இறங்கி ஏறுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இறங்கியபடியே நிற்கும் வால்வின் தண்டில் ஆயில் விட்டு, பதமாகத் தட்டி விடுவியுங்கள்.

டேங்கில் இருக்கும் பழைய டீசல் வேண்டவே வேண்டாம். அடியில் துருவும் கரும்பிசினும் இருக்கும், கழுவிவிட்டு ஃபில்டர்களையும் வெடித்த ரப்பர் குழாய்களையும் மாற்றுங்கள். பிறகு நாசில்களைத் திரும்ப மாட்டி, ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும்: கை பிரைமரை (கையால் டீசலைத் தள்ளும் சின்ன பம்ப்) அடித்துக்கொண்டே முதலில் ஃபில்டர் மேல் உள்ள ஸ்குரூவையும், அடுத்து டீசல் பம்பில் உள்ளதையும், குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை தளர்த்தி வைத்து, பிறகு இறுக்குங்கள். கடைசியாக நாசில் பக்கத்து நட்டுகளைத் தளர்த்திச் செல்ஃப் அடிக்க வேண்டும். அப்போது கையைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

இன்னொன்றை யாரும் விட்டுவிடக் கூடாது. டீசல் பம்புக்குள் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டான ராக், முழு டீசல் விடும் நிலையிலேயே இறுகியிருந்தால், ஸ்டார்ட் ஆன இன்ஜின் கட்டுப்பாடில்லாமல் வேகமெடுக்கும், ஸ்டாப் இழுத்தாலும் நிற்காது. அதனால் ஸ்டாப் லீவரும் ஆக்சிலேட்டரும் தாராளமாக அசைகின்றனவா என்று செல்ஃப் அடிக்கும் முன்பே பாருங்கள். சந்தேகம் இருந்தால் பம்பைக் கழற்றிப் பம்ப் மெக்கானிக்கிடம் கொடுங்கள். சந்தேகம் இல்லாவிட்டாலும், அப்படி வேகமெடுத்தால் இன்ஜினுக்குள் காற்று போகும் வாயை அடைத்து நிறுத்த ஒரு தட்டைப் பலகையைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். துணி கூடாது, உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ரேடியேட்டரைக் கழுவிப் புதுத் தண்ணீர், கூலன்ட். பெல்ட், ஹோஸ் பாருங்கள். பேட்டரி முழு சார்ஜில் சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், டெர்மினலையும் எர்த் ஒயர் பிடிக்கும் இடத்தையும் பளபளவென்று தேய்த்துவிடுங்கள்.

சரி, இப்போது ஸ்டார்ட். திறந்தவெளியில், சீட்டில் உட்கார்ந்து, நியூட்ரலில். கீழே நின்றுகொண்டு ஸ்டார்ட்டரை ஸ்குரூடிரைவரால் ஷார்ட் பண்ணாதீர்கள், கியரில் இருந்தால் வண்டி ஆளின் மேலேயே ஏறிவிடும். முதலில் ஸ்டாப்பை இழுத்துப் பிடித்தபடி ஆயில் பிரஷர் காட்டும்வரை செல்ஃப் அடியுங்கள், ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஸ்டார்ட்டர் ஆறட்டும். பிறகு ஸ்டாப்பை விடுங்கள். பிடித்ததும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்தால் பயம் இல்லை. பிரஷர் முள் சில விநாடியில் ஏறவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள்.

கிளட்ச்சை மிதித்தும் கியர் விழாமல் கரகரத்தால் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கிறது. இன்ஜினை நிறுத்தி, பெடலை மிதித்து மரக்கட்டையால் முட்டுக் கொடுத்து ஒரு நாள் விட்டால் பல தடவை தானே விட்டுவிடும். பிரேக் இரண்டு பக்கமும் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியை நகர்த்துங்கள். சில மணி நேரம் ஓட்டிய பின் இன்ஜின் ஆயிலை இன்னொரு முறை மாற்றுங்கள், இளகிய துருவும் அழுக்கும் அதில்தான் வந்து சேர்ந்திருக்கும்.