பயணக் கட்டுரைப் போட்டிக்கு எழுதப் போறீங்களா?

திருகோணமலையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் கோணேசர் கோயில், நிலாவெளி, புறாத்தீவு, கன்னியா எல்லாவற்றையும் ஒரே கட்டுரைக்குள் அடைத்துவிடுவார்கள். வேண்டாம், ஒன்றை மட்டும் எடுங்கள். கன்னியா என்றால், ஏழு வெந்நீர்க் கிணறுகள். கிணற்றுக்குக் கிணறு சூடு மாறும். முதல் வாளியைத் தலையில் ஊற்றத் தயங்கி, காலில் ஊற்றிப் பார்க்கிறவரை எழுதுங்கள். இந்தக் கிணறுகளை இராவணன் உண்டாக்கினான் என்ற கதைக்கு இரண்டு வரி போதும், அது எல்லாரும் எழுதுவதுதான். கோயிலைப் பற்றியென்றால், போகும் வழியில் பிரட்றிக் கோட்டைக்குள் ஆட்களுக்குப் பயப்படாமல் நிற்கும் மான்களிலிருந்து தொடங்கலாம். 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்த வரலாற்றை நடுவில் வையுங்கள். முதல் பந்தியிலேயே வைத்தால் பாடப்புத்தகம் மாதிரி ஆகிவிடும்.

சொல் எல்லையை மீறாதீர்கள். முகநூலில் போட்டதையும் ‘ஏற்கெனவே வெளியானது’ என்று தள்ளும் போட்டிகள் உண்டு, விதிமுறையை ஒருக்கால் பாருங்கள். படம் கேட்டால் நீங்கள் எடுத்ததையே அனுப்புங்கள்.

முக்கியமாக, பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்பவர்கள் யூனிகோடுக்கு மாற்றி அனுப்புங்கள். இல்லாவிட்டால் நடுவரின் கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியக்கூடும். மாற்றிய பிறகு கொம்பு, கால் இடம் மாறியிருக்கிறதா என்று முழுவதையும் வாசித்துவிடுங்கள்.