பார்க்கில் நிற்காமல் நழுவிய பழைய ஆட்டோமேட்டிக் கார்

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கியர் லீவர் ‘பார்க்’ (காரை நிறுத்தி வைக்கும் ‘பி’) நிலையில் இருந்தபோதே, கதவைச் சாத்திய அதிர்வில் என் பழைய ஆட்டோமேட்டிக் கார் ரிவர்ஸுக்கு நழுவிப் பின்னோக்கி நகர்ந்தது. கியர்பாக்ஸைக் கழற்றத் தேவையிருக்கவில்லை. லீவரையும் கியர்பாக்ஸின் பக்கவாட்டிலுள்ள சிறு கையையும் இணைக்கும் கேபிளின் முனையில் இருந்த பிளாஸ்டிக் புஷ் (இணைப்பு ஆடாமல் பிடிக்கும் சிறு வளையம்) தேய்ந்து, விரலால் தொட்டாலே ஆடியது. அதனால் லீவர் ‘பி’க்கு நேராக நின்றாலும் அந்தக் கை பார்க்குக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் தங்கிவிட, காரை நகரவிடாமல் பிடிக்க கியர்பாக்ஸுக்குள் பல்சக்கரத்தில் விழவேண்டிய பூட்டு நாக்கு முழுமையாக விழாமல் போகிறது, பிறகு சிறு அதிர்வே கையை ரிவர்ஸின் பள்ளத்துக்குத் தள்ளிவிடப் போதும். உள்ளே இருப்பவருக்கு எந்த அறிகுறியும் தெரியாது என்பதே இதில் மிக ஆபத்தானது.

எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காரை ஸ்டாண்டுகளில் நிறுத்திய பின் புஷ்ஷை மாற்றினேன். லீவரைப் பார்க்கில் வைத்து, கியர்பாக்ஸ் பக்கத்துக் கையைக் கடைசிப் பள்ளம்வரை தள்ளி, அந்த நிலையிலேயே கேபிளின் நட்டை இறுக்கினேன். இறக்கியபின், சமதளத்தில் எஞ்சினை அணைத்துத் தள்ளிப் பார்த்தபோது கார் சற்றே அசைந்து ‘டக்’கென்று நின்றது. பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டுமே ஸ்டார்ட் ஆகிறதா என்பதையும் அவசியம் சோதிக்க வேண்டும். தளர்ந்திருந்த ஹேண்ட் பிரேக் கேபிளையும் அப்போதே இறுக்கிவிட்டேன்.