முதல் வேலையில் முதல் ஆறு மாதம்: கேட்கவும் சொல்லவும் பழகிக்கொள்ளுங்கள்

படிப்பு முடித்து முதல் வேலைக்குப் போகிற எல்லோருக்கும் ஒரே பயம்தான். எனக்கு ஒன்றும் தெரியாது என்பதைக் கண்டுபிடித்துவிடுவார்களோ? நீங்கள் உள்ளே வருவதற்கு முன்பே அது அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்திருக்கிறார்கள், அதற்காகத்தான் டிரெய்னிங், அதற்காகத்தான் பல இடங்களில் மூன்று மாதமோ ஆறு மாதமோ ப்ரொபேஷன் என்ற சோதனைக் காலம். ஆரம்பத்தில் உங்களிடம் அவர்கள் கவனிக்கிற விஷயம் ஒன்றே ஒன்று: இவரிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் அது எந்த நிலையில் இருக்கிறது என்று நேரத்துக்குத் தகவல் வருமா, வராதா? இதில் தேறிவிட்டால் மற்றதையெல்லாம் கற்றுக்கொள்ள உங்களுக்கு அவகாசம் தருவார்கள். நான் இதைத் தெரிந்துகொண்டது தலைகுனிந்து நின்ற ஒரு மதியத்தில்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம். சீனியர் ஒருவர் ஒரு எக்செல் ஃபைலைக் கொடுத்து, இரண்டு மாதக் கணக்கையும் ஒப்பிட்டு வித்தியாசம் எங்கே வருகிறது என்று பார்க்கச் சொன்னார். சரி சார் என்று வாங்கிக்கொண்டேன். இரண்டாவது மாதத்தின் மொத்தம் எப்படிப் பார்த்தாலும் உதைத்தது. ஃபார்முலாவை அழித்து மறுபடி போட்டேன், ஃபைலை மூடித் திறந்தேன், வீட்டுக்குப் போயும் அதே நினைப்பு. போய்க் கேட்டால் இதுகூடத் தெரியாதா என்று நினைப்பாரே என்று இரண்டு நாள் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் மதியம் அவரே பின்னால் வந்து நின்று, ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, சில கட்டங்களின் இடது மேல் மூலையில் இருந்த சின்னப் பச்சை முக்கோணத்தைக் காட்டினார். அந்தக் கட்டங்களில் இருந்த எண்கள் எண்ணாக இல்லாமல் எழுத்தாகப் பதிவாகியிருந்தன, கூட்டல் ஃபார்முலா அவற்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. "தெரியாதது பரவாயில்லப்பா, நிக்குதுன்னு முதல் நாளே சொல்லியிருக்கலாமே. இன்னைக்குக் காலைல ரிப்போர்ட் வந்துடும்னு நான் மேல சொல்லிட்டேன்" என்றார். திட்டவில்லை. ஆனால் நான் சொல்லாமல் இருந்ததால் அவர் வாக்குத் தவறிவிட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதனால் முதலில் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நின்றால் அரை மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம் நீங்களே முயன்று பாருங்கள். முயலாமல் உடனே ஓடிப்போய்க் கேட்பதும் சரியில்லை, அப்படிச் செய்தால் எதுவும் கையில் பழகாது. ஆனால் அந்த நேரம் தாண்டியும் புதிதாக எதையும் சோதிக்காமல் அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்றால் எழுந்து போய்க் கேட்டுவிடுங்கள்.

எப்படிக் கேட்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. "சார், இது வரல" என்று போய் நின்றால் அவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் உங்களிடம் விசாரிக்க வேண்டும். அதற்குப் பதிலாக இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "மார்ச், ஏப்ரல் இரண்டையும் ஒப்பிட்டேன். ஏப்ரல் மொத்தம் மட்டும் குறைவாக வருகிறது. வரிகளின் எண்ணிக்கை சரியாக இருக்கிறது, ஃபார்முலாவை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன். அடுத்து எங்கே பார்க்கலாம்?" என்ன செய்ய வேண்டியிருந்தது, என்ன செய்து பார்த்தீர்கள், எங்கே நிற்கிறது, எல்லாம் நான்கு வரியில் வந்துவிட்டது. இன்னொரு லாபமும் உண்டு. கேள்வியை இந்த அளவுக்குத் தெளிவாக எழுத உட்கார்ந்தாலே, பாதி நேரம் எழுதும்போதே விடை தட்டுப்பட்டுவிடும்.

வேலை நின்றுபோகிற கேள்வி என்றால் உடனே கேளுங்கள். மற்ற சில்லறைச் சந்தேகங்களை ஒரு தாளில் சேர்த்துவைத்து, அவர் கொஞ்சம் ஓய்வாக இருக்கும்போது மொத்தமாகக் கேட்டுவிடலாம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் கவனத்தைக் கலைக்க வேண்டாம். அப்புறம், எல்லாவற்றுக்கும் மேனேஜரிடமே போக வேண்டியதில்லை. உங்களுக்கு ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவர் யார் என்று பாருங்கள். எங்கெங்கே குழம்பும் என்பது அவருக்கு இன்னும் மறந்திருக்காது. இருபது வருட அனுபவசாலிக்கு அந்தக் குழப்பமே ஞாபகம் இருக்காது.

நோட்டு இல்லாமல் யார் முன்னாலும் போய் நிற்காதீர்கள். போனில் குறித்துக்கொள்ளலாம்தான், ஆனால் எதிரில் இருப்பவருக்கு நீங்கள் குறிக்கிறீர்களா மெசேஜ் பார்க்கிறீர்களா என்று தெரியாது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் தன்னையே வைத்துச் சோதனை செய்து 1885-இல் வெளியிட்ட முடிவு இது: புதிதாகப் படித்ததில் பெரும்பகுதி முதல் ஒரு நாளுக்குள்ளேயே நழுவிவிடுகிறது, அதிலும் முதல் ஒரு மணி நேரத்தில்தான் வேகமாக. அவர் மனப்பாடம் செய்தது பொருளில்லாத அசைகளை. உங்களுக்கும் முதல் வாரத்தில் சொல்லப்படுகிற சுருக்கப் பெயர்களும் சாஃப்ட்வேர் பெயர்களும் ஏறக்குறைய அப்படித்தான் கேட்கும். அன்று மாலையே ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டால் நிறைய தங்கும். சொன்னதையே மூன்றாவது முறை கேட்கும்போதுதான் நல்ல மனிதருக்கும் முகம் மாறும், புதுக் கேள்வி எத்தனை கேட்டாலும் மாறாது.

ஒரு வேலையை வாங்கும்போது நான்கு விஷயங்கள் தெரியாமல் அங்கிருந்து நகராதீர்கள். இது யாருக்குப் போகிறது, எப்போது வேண்டும், எந்த வடிவத்தில் வேண்டும், இதற்கு முன் யாராவது செய்த மாதிரி இருக்கிறதா. கடைசிக் கேள்வியைப் புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பதே இல்லை, எனக்கு அதுதான் தங்கமான கேள்வி. போன மாதம் இன்னொருவர் செய்த ரிப்போர்ட் ஒன்று கையில் கிடைத்தால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். பிறகு உங்கள் இடத்துக்கு வந்ததும் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்: "ஏப்ரல் கணக்கை மார்ச்சுடன் ஒப்பிட்டு, வித்தியாசம் உள்ள வரிகளை மட்டும் தனி ஷீட்டில் புதன் மாலைக்குள் தருகிறேன். சரிதானே?" அவர் மனதில் இருந்தது வேறு என்றால் அப்போதே தெரிந்துவிடும்.

புதன் மாலை என்று சொல்கிறோமே, அதில்தான் எல்லோரும் சறுக்குகிறோம். 1994-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், பட்டப்படிப்பின் கடைசி ஆண்டு மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். சரி, எல்லாமே தப்பாகப் போனால் என்று கேட்டதற்குச் சுமார் 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். மோசமாகப் போனாலும் என்று போட்ட கணக்கையே தாண்டிவிட்டது! உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இந்தப் பழக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். முன்பு இதேபோன்ற வேலைக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பதைப் பார்க்காமல், இந்த வேலை எப்படிப் போகும் என்ற மனக்கணக்கை மட்டும் நம்பிவிடுகிறோம். அதனால் ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்தீர்கள், எவ்வளவு ஆனது என்று நோட்டின் ஓரத்தில் இரண்டு எண் எழுதிவையுங்கள். நான் எழுதிப் பார்த்தபோது பெரும்பாலும் இரண்டு மடங்கு ஆகியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் என்று தோன்றினால் இரண்டு நாள் என்று கேட்கப் பழகிக்கொண்டேன்.

அப்படியும் தாமதமாகும். ஆகட்டும், ஆனால் கெடு முடிந்த பிறகு சொல்லாதீர்கள், முடியாது என்று சந்தேகம் வந்தவுடனே சொல்லுங்கள். புதன் மாலை தர வேண்டியதைப் பற்றிச் செவ்வாய் காலையே "மூன்றில் இரண்டு பகுதி முடிந்துவிட்டது, மூன்றாவதற்கு வியாழன் மதியம் வரை ஆகும், முடிந்ததை மட்டும் முதலில் அனுப்பட்டுமா?" என்று கேட்டால் மேனேஜர் தன் திட்டத்தை மாற்றிக்கொள்ள முடியும். அதையே புதன் மாலை ஆறு மணிக்குச் சொன்னால் அவரால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

தவறு செய்துவிட்டால்? செய்வீர்கள், எல்லோரும் செய்திருக்கிறோம். தப்பான ஆளுக்கு மெயில் போய்விடும், பழைய ஃபைலை அனுப்பிவிடுவீர்கள், ஒரு எண்ணில் பூஜ்யம் கூடிவிடும். அந்த நேரத்தில் வயிற்றைப் பிசையும், யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று மனம் சொல்லும். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். எதையும் அழிக்காதீர்கள், ஓசையில்லாமல் மாற்றாதீர்கள். உங்கள் தவறை வேறு யாரோ கண்டுபிடித்து மேனேஜரிடம் சொல்வதற்கு முன் அது உங்கள் வாயிலிருந்து வர வேண்டும். நீளமான மன்னிப்பு தேவையில்லை. என்ன நடந்தது, யாரைப் பாதிக்கும், நான் இதுவரை என்ன செய்திருக்கிறேன், இனி என்ன செய்யட்டும், இவ்வளவு போதும். பழி அடுத்தவர் மேல் கொஞ்சம் இருந்தாலும் அந்த நிமிடத்தில் அதை எடுக்காதீர்கள்.

மெயிலில் வருகிற விபத்துகளைக் குறைக்க ஒரு எளிய பழக்கம்: யாருக்கு என்ற இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, முழுவதும் எழுதி, இணைத்த ஃபைலை ஒருமுறை திறந்து பார்த்து, கடைசியில் முகவரியைப் போடுங்கள். எல்லோருக்கும் பதில் என்ற பட்டனைத் தொடும் முன் பட்டியலில் யார் யார் என்று படித்துவிடுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நீங்கள் எழுதிக் கொடுத்ததை மேனேஜர் திருத்தி மேலே அனுப்புவார். திருத்திவிட்டாரே என்று சுருங்கிப் போகாமல், நீங்கள் கொடுத்ததையும் அவர் அனுப்பியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பாருங்கள். எதை வெட்டினார், எதை மேலே கொண்டுவந்தார், எந்தச் சொல்லை மாற்றினார். முடிவை நீங்கள் கடைசிப் பத்தியில் வைத்திருப்பீர்கள், அவர் அதை முதல் வரியில் வைத்திருப்பார். நான்கைந்து முறை இப்படிப் பார்த்தாலே அவர் எதை எதிர்பார்க்கிறார் என்பது பிடிபட்டுவிடும். மாதம் ஒருமுறை நேராகவும் கேளுங்கள். நான் எப்படிச் செய்கிறேன் என்று கேட்டால் நன்றாகச் செய்கிறாய் என்றுதான் பதில் வரும். அடுத்த மாதம் நான் மாற்றிக்கொள்ள வேண்டிய ஒன்று என்ன என்று கேட்டால்தான் உருப்படியான பதில் வரும்.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாக. ஆஃபர் லெட்டரை முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நோட்டீஸ் பீரியட் (விலகுவதாகச் சொன்ன பிறகு வேலை பார்க்க வேண்டிய நாட்கள்) எவ்வளவு, ப்ரொபேஷனில் அது மாறுகிறதா, நடுவில் விலகினால் பணம் கட்டச் சொல்கிறார்களா என்று பாருங்கள். முதல் பேஸ்லிப்பில் எந்தெந்தத் தலைப்பில் பிடித்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள், புரியாததை ஹெச்.ஆரிடம் கேளுங்கள். சேமிப்பைச் சம்பளம் வந்த அன்றே ஒதுக்குங்கள், தொகை சின்னதாக இருக்கட்டும். கூட்டு வட்டியில் போட்டால், 72-ஐ ஆண்டு வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாக ஏறக்குறைய எத்தனை ஆண்டு ஆகும் என்று வரும். 8 சதவீதம் என்றால் 9 ஆண்டு. 22 வயதில் போட்ட பணம் 58 வயதுக்குள் நான்கு முறை இரட்டித்து 16 மடங்காகும், 31 வயதில் போட்டது மூன்றே முறை இரட்டித்து 8 மடங்கு. ஒன்பது ஆண்டு தள்ளிப்போட்டதற்குப் பாதி போய்விடுகிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். நடக்காததை நடந்ததாகப் பதிவு செய்யச் சொன்னாலோ, பழைய தேதி போட்டுக் கையெழுத்துக் கேட்டாலோ, பின்னால் பிரச்சினை வரும்போது புதியவர்தானே என்று பழியை உங்கள் தலையில்தான் கட்டுவார்கள். "இதை எனக்கு ஒரு மெயிலில் அனுப்பிவிடுங்கள், செய்கிறேன்" என்று சொல்வதுகூட அங்கே போதாது. செய்ய மாட்டேன் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். அதேபோல, ஒழுங்காகக் கேட்ட கேள்விக்கும் பத்து பேர் முன்னால் அவமானப்படுத்துகிற இடம் என்றால் குறை உங்களிடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே கற்க முடிந்ததைக் கற்றுக்கொண்டு, கையில் வேறு வேலை கிடைத்ததும் கிளம்புங்கள்.

வெள்ளிக்கிழமை கிளம்பும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி, அந்த வாரம் என்ன முடித்தீர்கள், என்ன புதிதாகத் தெரிந்தது, யார் உதவினார் என்று தேதி போட்டு எழுதிவையுங்கள். வருடக் கடைசியில் அப்ரைசல், அதாவது உங்கள் வேலையை மதிப்பிடும் படிவத்தை நிரப்பும்போது பிப்ரவரியில் செய்தது ஒன்றும் நினைவுக்கு வராது, இந்தப் பக்கங்கள்தான் கைகொடுக்கும். என் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது ஒரே வரி: எண் எழுத்தாகப் பதிவாகியிருக்கலாம், பச்சை முக்கோணத்தைப் பார்.