காலநிலை மாதிரியில் 1997-ஐத் தேடாதீர்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னையில் டீக்கடை வரை எல் நினோ பேச்சுதான். நிலநடுக்கோட்டை ஒட்டிய பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவதுதான் அது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது பசிபிக்கில் வலுவான எல் நினோ இருந்தது. அதிலிருந்து கடல் சூட்டுக்கும் நம் மழைக்கும் முடிச்சுப் போடப் பழகிவிட்டோம். நல்ல பழக்கம். காலநிலை மாதிரிகளை, அதாவது கடலையும் காற்றையும் கணினியில் கணக்கிட்டுக் காட்டும் நிரல்களை, சோதிக்க உட்காரும்போதுதான் சறுக்குகிறது.

போன மாதம் ஒரு முதுகலை மாணவி மடிக்கணினியில் இரண்டு கோடுகளைக் காட்டினார். 1997 கடைசியில் பசிபிக் கடலில் அளந்த வெப்பநிலை எகிறுகிறது; மாதிரியின் கோடு அசையவே இல்லை. "சார், இவ்வளவு பெரிய எல் நினோவையே கோட்டை விட்டிருக்கே!"

கோட்டை விடவில்லை. அந்த மாதிரி 1850-இல் தொடங்கித் தன்போக்கில் ஓடும் கணக்கு. பசுங்குடில் வாயுக்கள், எரிமலைத் தூசி, சூரிய ஒளி போன்றவற்றைத்தான் வெளியிலிருந்து கொடுக்கிறார்கள். எந்த ஆண்டு கடல் எப்படி இருந்தது என்று சொல்லிக் கொடுப்பதில்லை. அதற்குள்ளும் எல் நினோ வரும், ஆனால் அதன் சொந்த நாள்காட்டிப்படி வரும். ஆகவே ஆண்டைப் பொருத்திப் பார்க்காதீர்கள். எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது, எவ்வளவு வலுவாக, கடலின் எந்தப் பகுதியில் என்று பாருங்கள். பருவகால முன்கணிப்பு வேறு சங்கதி. அதை மிதவைகளும் செயற்கைக்கோள்களும் அளந்த இன்றைய கடல் நிலையிலிருந்துதான் தொடங்குவார்கள்.

சரி, பல மாதிரிகளின் சராசரியை எடுத்தால்? ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வழவழப்பான கோடுதான் மிஞ்சும். நிஜக் கடலின் கதையோ ஒரே ஒருமுறை நடந்தது. மாதிரிகளைத் தனித்தனியாக ஓட்டிக் கிடைக்கும் கோடுகளின் பரவலுக்குள் அது விழுகிறதா என்பதே கேள்வி.

வெப்பமண்டலக் கடல் முழுவதற்குமான சராசரி பொருந்திவிட்டது என்று திருப்திப்படுவதும் ஆபத்து. மேகம் எங்கே திரளும் என்பதை முடிவு செய்வது, எந்த இடம் அதிகச் சூடு, எந்த இடம் குறைவு என்ற வித்தியாசம். தென் அமெரிக்கக் கரையிலிருந்து நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கே நீளும் குளிர்நீரை 'குளிர் நாக்கு' என்பார்கள். பல மாதிரிகளில் அந்த நாக்கு அளவுக்கு மீறி மேற்கே நீண்டுவிடுகிறது. இன்னொன்று எனக்கு உண்மையிலேயே கவலை தருவது: 1980 முதல் மேற்குப் பசிபிக் நன்றாகச் சூடாகியும் கிழக்கு நிலநடுக்கோட்டுப் பகுதி பெரிதாகச் சூடாகவில்லை. பெரும்பாலான மாதிரிகளோ கிழக்கையும் சூடாக்குகின்றன. இயற்கையின் ஊசலாட்டமா, மாதிரிகளின் குறையா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. இதை மறைக்கவும் வேண்டாம், இதை வைத்து மாதிரிகளையே குப்பை என்று தள்ளவும் வேண்டாம்.

அப்புறம், எல் நினோ வந்தால்தான் சென்னைக்கு வெள்ளம் என்று எழுதாதீர்கள். 2021 நவம்பரில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றது. அது லா நினா ஆண்டு, அதாவது எல் நினோவுக்கு நேர்மாறாக அந்தக் கடல் குளிர்ந்திருந்த ஆண்டு.

அந்த மாணவி இப்போது கடல் மேற்பரப்பு 28 டிகிரி செல்சியஸ் இருக்கும் இடங்களை இணைக்கும் கோட்டினை மாதிரியிலும் அளவீட்டிலும் வரைந்து, ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்க்கிறார்.